கைப்பிடி அரிசியும் கனமில்லாத அப்பாவும்

இதை எனக்கு முதன்முதலில் சொன்னவள் சாத்தூர்ப் பக்கத்துத் தையல்காரி மாரிக்கனி. என் இளைய மகளின் தலைப்பிரசவத்துக்காகப் பாளையங்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரியில் ஐப்பசி மாதம் ஒன்பது நாள் கிடந்தோம். அப்போது அடுத்த கட்டிலில் மருமகளுக்குத் துணையாக இருந்தவள் அவள். வெளியே மழை கொட்டிய ஒரு மத்தியானத்தில், ஒரு சட்டையின் அளவை விரலால் காற்றில் அளந்து காட்டிக்கொண்டே சொன்னாள். கேட்கும்போதே நான் நம்பிவிட்டேன். ஆனாலும் பிற்பாடு இதில் வருகிற மகள் பியூலாவையே தேடிப் போய் மிச்சத்தையும் கேட்டுக்கொண்டேன். இரண்டு பேர் சொன்னதும் ஒத்துத்தான் போனது, சட்டையில் வைத்த பைகளின் எண்ணிக்கையைத் தவிர.

எங்கள் நாசரேத் பக்கத்து வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு. உலைக்கு அரிசி களைவதற்கு முன்னால் ஒரு கைப்பிடி எடுத்து, ஒரு நிமிஷம் கண்ணை மூடி, தனியாக ஒரு பானையில் போட்டுவைப்போம். ஞாயிற்றுக்கிழமை அதை வேதக்கோயிலுக்குக் கொண்டுபோய்க் காணிக்கையாகக் கொட்டுவோம். எடுத்தது எடுத்ததுதான். விருந்தாள் வந்து அரிசி பற்றாமல் போனாலும் அந்தப் பானையில் கை வைக்கமாட்டோம், பக்கத்து வீட்டில் கடன் வாங்குவோமே தவிர, ஒருமுறை எடுத்த பிடியை மறுபடி வீட்டு உலையில் போடமாட்டோம்.

தங்கையா அப்படி ஒரு வீட்டுக்காரர். ரேஷன் கடையில் முப்பத்தோரு வருஷம் எடை போட்டு ஓய்வு பெற்றவர். ஒரு பிடி அரிசியைக் கையில் வாங்கினால் ஐம்பது கிராம், நாற்பத்தேழு கிராம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார், தராசில் வைத்தால் அதுதான் இருக்கும். அவருடைய எடை நூற்றிரண்டு கிலோ. டாக்டர் ஏழு வருஷமாகக் குறைக்கச் சொல்லியும், அவர் மனைவி ரத்னபாய் பத்து வருஷமாகக் குறைக்கச் சொல்லியும், குறையாத நூற்றிரண்டு கிலோ.

அந்த வருஷம் புரட்டாசிக் கடைசியில், கள்ளக்குறிச்சி தாண்டிக் கல்வராயன் மலையடிவாரத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. காது கேளாத பிள்ளைகளின் விடுதி. மழையில் சுவர் இடிந்து சாமான் அறைக்குள் தண்ணீர் புகுந்து அரிசியெல்லாம் முளைகட்டிப் போயிற்று, விடுமுறை முடிந்து இருபத்திரண்டு பிள்ளைகளும் அடுத்த திங்கட்கிழமை வந்துவிடுவார்கள், அடுத்த ஒதுக்கீடு வர இரண்டு வாரம் ஆகும், நூறு கிலோ கிடைத்தால் சமாளித்துவிடுவோம், கிடைக்காவிட்டால் பிள்ளைகளை வாசலோடு திருப்பி அனுப்பவேண்டியதுதான் என்று வார்டன் அம்மா எழுதியிருந்தார்கள். போதகர் அதைக் கோயிலில் வாசித்தபோது, ரெண்டு மூட்டை வாங்கி லாரியில் போட்டுவிட்டால் முடிந்தது என்றார்கள் சிலர். தங்கையா எழுந்தார்.

"வாங்கி அனுப்பினா ஒரு கடை அரிசி. போற வழியெல்லாம் வீட்டுக்கு ஒரு பிடியா வாங்கிட்டுப் போனா அது ரெண்டாயிரம் வீட்டு அரிசி. அந்தப் பிள்ளைகளுக்கு ரெண்டாயிரம் வீடு இருக்குன்னு ஆகட்டுமே" என்றார்.

அவருக்கு ஒரே மகள் பியூலா. இருபத்தெட்டு வயது, பெண்களுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். எத்தனை பேருடைய பயத்தைப் பின்சீட்டில் உட்கார்ந்து பிடித்துக்கொண்டவள் என்று கணக்கே கிடையாது. அப்பாவுக்கு முழங்கால் வலி, ஓட்ட முடியாது. ஆகவே அப்பாவின் பழைய சிவப்பு மோட்டார் சைக்கிளை மகள் ஓட்டுவது, அப்பா பின்னால் உட்கார்ந்து அரிசி வாங்குவது என்று முடிவாயிற்று. செவ்வாய்க்கிழமை காலையில் கோயில் வாசலில் வண்டியை நிறுத்தி ஜெபம் பண்ணினார்கள். அப்போதுதான் தங்கையா யாரும் கேட்காமலே சத்தமாக ஒரு பொருத்தனை பண்ணிவிட்டார்.

"ஆண்டவரே, அந்தப் பிள்ளைகள் இந்த அரிசிச் சோறு சாப்பிடுகிற வரைக்கும் எந்த வீட்டுச் சோறும் என் நாக்கில் படாது."

"அப்பா, வாயக் கொஞ்சம் மூடிட்டு இருந்திருக்கலாம்லா" என்று பியூலா ஹெல்மெட்டுக்குள்ளிருந்து சொன்னாள். ஆனால் சொன்ன வாக்கு சொன்னதாகிவிட்டது. அவித்துக் காயவைத்த பனங்கிழங்கும் சீனிச்சேவும் பொட்டலம் கட்டிக்கொண்டார்கள், அது தீர்ந்தால் காசு கொடுத்துக் கடையில் சாப்பிடுவதாக ஏற்பாடு.

ஸ்ரீவைகுண்டத்தில் வாங்கினார்கள், பாளையங்கோட்டையில் வாங்கினார்கள், கயத்தாற்றில் வாங்கினார்கள். பியூலா தெருமுனையில் வண்டியை நிறுத்தி ஹாரன் அடிப்பாள், பெண்கள் முறத்திலும் டம்ளரிலும் முந்தானையிலும் அரிசியோடு வருவார்கள், தங்கையா அதை அவர்கள் கையாலேயே ஒரு பிடி அள்ளச் சொல்லித் தன் உள்ளங்கையில் வாங்கி, "ஐம்பத்திரண்டு. பெரிய கை தாயி" என்பார், "நாற்பத்தொண்ணு. மருதாணி போட்டிருக்கிய, அதான் விரல் மடங்கல" என்பார், வாங்கியதை வண்டியில் கட்டிய சாக்கில் போடுவார்.

புதன்கிழமை கோவில்பட்டியில், ஒரு பலசரக்குக் கடையில் சாக்கை நிறுத்துப் பார்த்தார்கள். இருபத்தோரு கிலோ இருந்தது. பழக்க தோஷத்தில் தங்கையாவும் தராசில் ஏறி நின்றார். எண்பத்தொன்று என்று காட்டியது.

"தராசு செத்துப்போச்சு அண்ணாச்சி" என்றார் கடைக்காரர். ஐம்பது கிலோ மூட்டையைத் தூக்கி வைத்தார், சரியாக ஐம்பது. தங்கையா மறுபடி ஏறினார், எண்பத்தொன்று. வயிறு அதே வயிறு, பெல்ட்டில் அதே ஓட்டை, ஒரு சுற்றுக்கூட இளைக்கவில்லை, கனம் மட்டும் போயிருந்தது. தங்கையா இருபத்தொன்றையும் எண்பத்தொன்றையும் மனசுக்குள் கூட்டினார். நூற்றிரண்டு.

"சரியா இருக்கு" என்றார், வருஷக் கடைசியில் சரக்கு இருப்பு பொருந்தினவரைப் போலச் சந்தோஷமாக.

"என்ன சரியா இருக்கு? அப்பா, ஒரு பிடி வாங்கினா ஒரு பிடி குறையுதீங்க!"

"அதான் வண்டி திணறாம வருது. பாரம் ஏறவும் இல்ல, இறங்கவும் இல்ல. இதவிட நல்ல ஏற்பாடு நீ பண்ணுவியாட்டி?"

பியூலா அம்மாவுக்குப் போன் போட்டு அழுகிற குரலில் சொன்னாள். ரத்னபாய் முழுவதையும் கேட்டுவிட்டு, "பத்து வருஷமா தொண்டத்தண்ணி வத்தக் கத்தினேன். இப்பவாவது குறைஞ்சாரே, ஸ்தோத்திரம்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அன்று மத்தியானம் கடையில் ஒன்பது இட்லி வாங்கிக் கொடுத்துப் பார்த்தாள் மகள். ஒரு கிராம் ஏறவில்லை. மறுநாள் பரோட்டா வாங்கிக் கொடுத்தாள், அதுவும் ஏறவில்லை. கடைச் சோறு அவர் வயிற்றை நிறைத்தது, கனத்தைத் தொடவே இல்லை.

சாத்தூர் தாண்டுவதற்குள் அவர் அறுபத்திரண்டு ஆகியிருந்தார். ஒரு கண்டெய்னர் லாரி உரசிக்கொண்டு போனபோது, அந்தக் காற்றில் அவர் சீட்டிலிருந்து ஒரு முழம் எழும்பி மறுபடி உட்கார்ந்ததை ரோட்டோரத் தையல் கடையில் இருந்த மாரிக்கனி பார்த்துவிட்டாள். ஓடிவந்து வண்டியை மறித்தாள்.

"ஏத்தா, அந்த மனுசனக் கட்டாம கொண்டு போறியே, உனக்கு ஈரக்கொல இல்லயா?"

உட்காரவைத்து, அளவெடுத்து, பழைய ஜீன்ஸ் துணியில் ஒரு மணி நேரத்தில் ஒரு சட்டை தைத்தாள். முன்னால் எட்டுப் பை, பின்னால் ஆறு, உள்பக்கம் நாலு என்று என்னிடம் சொன்னாள். பியூலா சொன்ன கணக்கில் உள்பக்கம் ஆறு. தெருவில் இருந்த கடைக்காரர்களெல்லாம் மின்தராசு வந்த பிறகு மூலையில் போட்டிருந்த பழைய இரும்பு எடைக்கற்களை எடுத்துக்கொண்டு வந்து பையில் போட்டார்கள். இது என்ன, எப்படி, ஏன் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. இரண்டு கிலோக் கல்லை இடது பக்கம் போடலாமா வலது பக்கம் போடலாமா என்பதுதான் சண்டை.

"தைச்சு முடிச்சிட்டு, சீரக மீன் குழம்பு வச்சிருக்கேன், ஒரு வாய் தின்னுட்டுப் போங்கய்யான்னு தட்டப் போட்டேன்" என்று மாரிக்கனி என்னிடம் சொன்னாள். "அந்த மனுசன் மூக்கு குழம்பு வாசத்துக்குத் துடிக்குது, வாய் மட்டும் வேண்டாங்குது. வீட்டுச் சோறு ஒரு வாய் உள்ள போனா கனம் தானா ஏறும்யா, கனமில்லாதவனுக்கு அதான் மருந்துன்னு சொல்லிப் பாத்தேன். பொருத்தனைங்கிறாரு. எனக்குக் கோவம் வந்திருச்சு. உங்க சாமி உங்கள வாங்கிட்டு வரச் சொல்லுச்சா, யாருகிட்டயும் வாங்காதேன்னு சொல்லுச்சான்னு கேட்டேன். சட்டையத் தடவிக்கிட்டே வண்டியில ஏறிட்டாரு."

அதற்குப் பிறகு செய்தி அவர்களுக்கு முன்னால் போக ஆரம்பித்தது. போனில் போனது, பஸ்ஸில் போனது, பூ விற்கிறவர்கள் வாயில் போனது. சிவப்பு வண்டியில் கனமில்லாத அப்பாவும் மகளும் வருகிறார்கள், உலைக்கு முன் ஒரு பிடி எடுத்து வையுங்கள், எடுக்கும்போது கண்ணை மூடுங்கள், எடுத்ததைத் திரும்பப் போடாதீர்கள் என்று எங்கள் ஊர்ப் பழக்கம் அப்படியே வாட்ஸப்பில் வடக்கே போயிற்று. விருதுநகரில் பெண்கள் வரிசையில் நின்றார்கள், திருமங்கலத்தில் வரிசை கோணினதற்குச் சண்டை போட்டார்கள், மேலூரில் வாசலில் கோலம் போட்டுக் காத்திருந்தார்கள், துவரங்குறிச்சியில் பள்ளிவாசல் தெருப் பெண்கள் சீரகச்சம்பா கொண்டுவந்து, அது பொடி அரிசியாயிற்றே, ஐயாவுக்குக் கனம் கொஞ்சமாகக் குறையும் அல்லவா என்று அக்கறையாகக் கேட்டார்கள். போகிற இடமெல்லாம் ஒவ்வொருவர் ஒவ்வொரு காரணம் சொன்னார்கள். சபையார் பரிசுத்த ஆவியின் கிரியை என்றார்கள், சிவன் கோயில்காரர்கள் அந்தக் காலத்துச் சித்தர்களுக்கு இது சாதாரணம் என்றார்கள், ஒரு டாக்டர் தைராய்டு என்றார். ஆனால் காரணத்தைச் சொல்லி முடித்ததும் எல்லாரும் கேட்டது ஒன்றேதான்: "சரி, சாப்பிட்டாரா?"

தங்கையா எல்லாருக்கும் ஒரே பதில் சொன்னார்: "இப்பதான் சாப்பிட்டேன் தாயி."

மதுரை தாண்டியதும் எடைக்கற்களும் கைவிட்டன. மூன்று நாள் அவரோடு ஒட்டியிருந்த இரும்பும் அவரைப் போலவே ஆகிவிட்டது, பையிலிருந்து எடுத்துத் தராசில் வைத்தால் முள் அசையவில்லை. பியூலா தன் சால்வையால் அவரைத் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். பின்னால் உட்கார்ந்திருந்த தங்கையாவுக்குப் பாட்டு வந்தது. கிராப்பட்டி ரோட்டில் காற்று அவர் கால்களைத் தூக்க, வேட்டி படபடக்க, முழங்கால் வலி இல்லாமல் போனதற்காக ஸ்தோத்திரப் பாட்டு ஒன்றை உச்சக் குரலில் பாடிக்கொண்டு வந்தார். எதிரே வந்த பஸ்ஸிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்துக் கையசைத்தார்கள், அவர் இரண்டு கையையும் விட்டு அசைத்தார்.

"எப்படி இருக்குப்பா?" என்று பியூலா கேட்டாள்.

"சாயங்காலம் பள்ளிக்கூட மணி அடிச்ச மாதிரி இருக்குட்டி."

அவளால் சிரிக்காமல் இருக்கமுடியவில்லை. ஆனால் திருச்சியில் ஒரு அரிசி மண்டித் தராசில் அவர் இருபத்தெட்டு கிலோ என்று காட்டியபோது வண்டியை ஓரமாக நிறுத்திச் சாவியை எடுத்துவிட்டாள்.

"போதும்பா. மிச்சத்தைக் கடையில வாங்கிக் கொடுத்துருவோம். நீங்க பறந்து போயிட்டா அம்மாகிட்ட நான் என்ன சொல்ல?"

"ஏன் பறக்கேன்? அவங்க கேட்டது நூறு. நான் நூத்திரண்டு. மிச்சம் ரெண்டு கிலோ இருக்கும்லா? ஒரு கோழி ரெண்டு கிலோதான் இருக்கு, அது தரையில நடக்கலையா?"

"கோழிக்கு ரெக்கை இருக்கு, எப்பவாவது பறந்து மரத்துல உக்காரும். அப்புறம் தானா இறங்கும். உங்களுக்கு இறங்கத் தெரியுமா?"

அவர் யோசித்தார். "தெரியாதுதான்" என்றார். பிறகு, "பிள்ளைகள் திங்கக்கிழமை பெட்டியோட வந்து நிக்கும் பியூலா" என்றார். அவள் சாவியைப் போட்டாள். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தாள். சாக்கு நூறு கிலோ ஆன நிமிஷத்தில் நிறுத்திவிடவேண்டும், அதன் பிறகு ராணியே வந்து கொடுத்தாலும் ஒரு பிடிகூட வாங்கக் கூடாது. அவர் ஒப்புக்கொண்டார்.

பெரம்பலூர் மக்காச்சோளக் காடுகளுக்கு நடுவே ஒரு ஊரில் தராசு கிடைக்கவில்லை. அங்கன்வாடி அம்மா ஒருவர் குழந்தைகளை எடை பார்க்கும் தொங்கு தராசைக் கொண்டுவந்து மரக்கிளையில் மாட்டி, அதன் துணித் தொட்டிலில் தங்கையாவை உட்காரவைத்தார். மீசை நரைத்த அந்தப் பெரிய மனிதர் தொட்டிலில் காலைத் தொங்கவிட்டுச் சிரிக்க, ஊர்க் குழந்தைகளெல்லாம் சுற்றி நின்று கைதட்ட, பதினொன்றரை கிலோ என்று முள் காட்டியது. அங்கன்வாடி அம்மா முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. நோட்டை விரித்து, பெயர் தங்கையா, வயது அறுபத்தொன்று, எடைக்குறைவு மிக அதிகம் என்று எழுதி, விதிப்படி இரண்டு பொட்டலம் சத்துமாவை எடுத்து நீட்டினார்.

"காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, கஞ்சி காய்ச்சிக் குடிக்கணும். அடுத்த மாசம் வந்து எடை பாக்கணும்."

"பொருத்தனை இருக்கும்மா."

"பொருத்தனை எல்லாம் எங்க நோட்டுல எழுத இடமில்லைங்க."

அதையும் வாங்க மறுத்துவிட்டார். பியூலா அப்பாவுக்குத் தெரியாமல் அந்தப் பொட்டலங்களை வாங்கி வண்டிப் பெட்டியில் வைத்துக்கொண்டாள். அன்று சாயங்காலம் அவள் ஜெபத்தில் ஒரே ஒரு வரிதான் இருந்தது: ஆண்டவரே, எங்க அப்பாவுக்கு இறங்கக் கற்றுக்கொடும்.

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு விடுதி வாசலில் போய் இறங்கினார்கள். சாக்குகளை இறக்கி நிறுத்தார்கள், பிசகாமல் நூறு கிலோ. தங்கையா இரண்டு கிலோ. பியூலா கையைப் பிடித்துக்கொண்டு அவர் பெருவிரல் நுனியால் நடந்தார், ஆனால் நடந்தார். பியூலா சுவரில் சாய்ந்துகொண்டு, ஏழு நாள் அடக்கிவைத்த மூச்சை விட்டாள்.

பிள்ளைகள் ஏற்கெனவே வந்துவிட்டிருந்தார்கள். வராதீர்கள் என்று எழுத வார்டன் அம்மாவுக்கு மனசு வரவில்லையாம். இருபத்திரண்டு பேரும் பெட்டிகளின் மேல் உட்கார்ந்து, தரையில் சரியாகக் கால் பாவாத தாத்தாவைப் பார்த்து, ஒருவருக்கொருவர் விரல்களால் வேகவேகமாகப் பேசிக்கொண்டார்கள். சமையல்காரி அஞ்சலை உலை வைத்தாள்.

அப்போதுதான் வாசலில் அந்த ஊர்ப் பெண்கள் வந்து நின்றார்கள். நாற்பது பேர். ஆளுக்கு ஒரு பிடி அரிசி. விடுதி தங்கள் ஊரிலேயே பன்னிரண்டு வருஷமாக இருந்தும், அது யாரோ வெளியூர்க்காரர் காரியம் என்று அவர்கள் இதுவரை அந்தக் கேட்டைத் தாண்டி வந்ததில்லை.

"ஐயோ, வேண்டாம்மா" என்று பியூலா கையை விரித்துக்கொண்டு குறுக்கே நின்றாள். "நூறு கிலோ சேந்துடுச்சு. இனிமே வாங்கினா எங்க அப்பா நிக்க மாட்டார். அரிசியை வீட்டுக்குக் கொண்டு போயிருங்க."

முன்னால் நின்ற பெண் குழப்பமாகப் பார்த்தாள். "எடுத்து வெச்சத திருப்பி உலையில போடக்கூடாதுன்னு நீங்கதானேம்மா சொல்லி அனுப்பினீங்க? கண்ண மூடி எடுத்துட்டோம். இப்ப இத எங்க கொண்டு போறது?"

"அப்ப சாக்குல நீங்களே போட்டுருங்க. அவர் கையில வேண்டாம்."

"மத்த ஊர்க்காரங்ககிட்ட மட்டும் கையால வாங்கினாரு, எங்ககிட்ட மாட்டாரா?" என்றாள் பின்னால் நின்ற ஒருத்தி. அந்தக் குரலில் கோபம் இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

தங்கையா மகளைப் பார்த்தார். நாற்பது பிடி என்பது எத்தனை கிலோ என்று அவருக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை.

"பன்னெண்டு வருஷம் கழிச்சு இன்னைக்குத்தான் வந்திருக்காங்க பியூலா. இன்னைக்கு திருப்பி அனுப்பினா இவங்க மறுபடி வருவாங்களா? நான் நாளைக்குப் போயிருவேன், இந்தப் பிள்ளைகளுக்குப் பக்கத்து வீடு இவங்கதான."

"அப்பா, நீங்க வாக்குக் கொடுத்தீங்க."

"கொடுத்தேன்" என்றார் அவர். "கூரைக்கு அடியில போய் வாங்குதேன். மேல போனாலும் வானத்துக்குப் போயிர மாட்டேன்லா?"

சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனார்கள், தகரக் கூரை, பன்னிரண்டு அடி உயரம். பியூலா அழுதுகொண்டே சால்வையின் ஒரு நுனியை அவர் இடுப்பிலும் மறு நுனியைத் தூணிலும் கட்டினாள். பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். ஐம்பத்தொன்று என்றார், நாற்பத்தொன்பது என்றார், நல்ல கை என்றார், பத்தாவது பிடியில் அவர் பெருவிரல் தரையை விட்டது, இருபதில் முழங்கால் உயரத்தில் நின்று குனிந்து வாங்கினார், முப்பதில் பெண்கள் எட்டிக் கொடுத்தார்கள், நாற்பதாவதைக் கொடுக்க ஒருத்தி பெஞ்சின் மேல் ஏறினாள். வாங்கி அவளிடமே சாக்கில் போடச் சொல்லிக் கொடுத்துவிட்டு, "ஐம்பது" என்று சொல்லி, மெதுவாக, மிக மெதுவாக மேலே போய்த் தகரத்தில் முதுகு தட்டி நின்றார்.

கீழே மகள் சால்வையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த முடிச்சு ஒரு நாள் அவிழுமே, கூரை இல்லாத இடத்தில் ஒரு நாள் அவர் வெளியே போவாரே என்று அவளுக்குத் தோன்றியது, தூணில் இன்னொரு சுற்று சுற்றி இறுக்கினாள்.

சோறு வெந்துவிட்டது. அஞ்சலை இருபத்திரண்டு தட்டிலும் போட்டுப் பருப்பு ஊற்றினாள். ஆனால் பிள்ளைகள் ஒருவரும் தொடவில்லை. அந்த விடுதியில் விருந்தாள் வந்தால் அவர் முதல் வாய் சாப்பிட்ட பிறகுதான் பிள்ளைகள் சாப்பிடுவார்கள். சின்னவர்கள்கூட அதை மீறமாட்டார்கள். எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். ஒரு சிறுமி ஐந்து விரலையும் குவித்து வாயருகே கொண்டுபோய்க் காட்டினாள். உடனே இருபத்திரண்டு கைகளும் குவிந்து வாய்க்குப் போயின. சாப்பிடுங்க. சாப்பிடுங்க.

"நீங்க சாப்பிடுங்க கண்ணுகளா!" என்று தங்கையா மேலிருந்து கத்தினார். "நீங்க சாப்பிட்டாத்தான் நான் சாப்பிடலாம்!" அவர்களுக்குக் கேட்கவில்லை. அவரும் கையைக் குவித்துக் காட்டினார், நீங்க முதல்ல. அவர்கள் தலையை ஆட்டினார்கள், நீங்க முதல்ல. அஞ்சலை மாங்காய் பறிக்கும் நீளத் துறட்டியில் கரண்டியைக் கட்டி, ஒரு உருண்டை சோற்றை அவர் வாய்க்கு நேரே நீட்டினாள். அவர் உதட்டை இறுக்கிக்கொண்டார். சோறு ஆறியது.

"அப்பா!" பியூலாவின் குரல் உடைந்தது. "எல்லார் கையிலயும் வாங்கினீங்களே, உங்களுக்காக ஒரு வாய் வாங்கினா குறைஞ்சா போயிருவீங்க? இதுக்கு மேல குறைய உங்ககிட்ட என்னப்பா இருக்கு?"

தங்கையா கண்ணில் தண்ணீர் வந்தது. அது கன்னத்தில் இறங்காமல் நெற்றிப் பக்கமாக ஏறிப் போயிற்று. "வேணும்தான் அம்மாடி" என்றார். "பசிக்கத்தான் செய்யுது. ஆனா சொன்ன சொல்லு..."

"ஐய்ய, போதும் நிறுத்துங்க ரெண்டு பக்கமும்!" என்றாள் அஞ்சலை. துறட்டியைப் பியூலாவிடம் கொடுத்துவிட்டு, கூடத்தின் நடுவில் பெஞ்சின் மேல் ஏறி நின்றாள். "நீ முன்ன நான் முன்னன்னு என் சோத்த ஆறப் போடறீங்களே! யாரும் முன்ன இல்ல, யாரும் பின்ன இல்ல. எல்லாம் ஒரே வாய். பெரியவரே, வாயத் தொறந்து வெச்சுக்க."

அவள் பிள்ளைகளைப் பார்த்து ஒரு உருண்டை பிடிக்கச் சொல்லிக் காட்டினாள். இருபத்திரண்டு உருண்டைகள் உயர்ந்தன. வாசலில் நின்ற நாற்பது பெண்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். ஓட்டப் பந்தயத்தில் வாத்தியார் நிற்பதுபோல அஞ்சலை வலது கையை மேலே தூக்கினாள், எல்லாக் கண்களும் அந்தக் கையில் நின்றன, கூரையில் தங்கையா வாயைத் திறந்தார், பியூலா துறட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள், கை இறங்கியது.

இருபத்து மூன்று வாய் ஒரே நேரத்தில் மூடியது.

அவர் மென்றார். விழுங்கினார். கூரையிலிருந்து ஒரு சாண் இறங்கினார்.

பிறகு அங்கே நடந்த சத்தத்தைப் பியூலாவால் சொல்ல முடியவில்லை. சத்தமே கேட்காத பிள்ளைகள் போட்ட சத்தம் அது, தட்டைத் தட்டி, காலைத் தரையில் உதைத்து, துறட்டிக்குச் சண்டை போட்டு, ஆளுக்கு ஒரு வாய் ஊட்டினார்கள். வாசல் பெண்கள் ஓடிப்போய் வீட்டிலிருந்து ரசமும் புளிச்சக்கீரையும் முட்டையும் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு வாய்க்கும் அவர் ஒரு சாண் இறங்கினார், துறட்டி வேண்டாமல் கரண்டி போதும் என்றாயிற்று, கரண்டி வேண்டாமல் கை போதும் என்றாயிற்று, கடைசியில் அந்தச் சிறுமி தன் தட்டில் மிச்சமிருந்த பருப்புச் சோற்றை வழித்து ஊட்டினாள், தங்கையாவின் இரண்டு குதிகாலும் தொப்பென்று தரையில் பட்டன. ஆ, முழங்கால் என்றார். பியூலா அவர் மேல் விழுந்து கட்டிக்கொண்டாள், அவர் அசையவில்லை, மரம் மாதிரி நின்றார்.

பதினாறு நாள் அங்கேயே இருந்து, இடிந்த சுவரைக் கட்ட மண் சுமந்து, நாற்பது வீட்டிலும் முறைவைத்துச் சாப்பிட்டு, எழுபத்தெட்டு கிலோவோடு ஊர் திரும்பினார். அதற்குமேல் ஏறவில்லை. டாக்டருக்கும் ரத்னபாய்க்கும் அது போதும்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இனி யாராவது வீட்டில் ஒரு வாய் சாப்பிட்டுப் போங்கள் என்று சொன்னால், இப்பதான் சாப்பிட்டேன் என்று சொல்லாதீர்கள். உட்கார்ந்து சாப்பிடுங்கள்.